மடிப்புக்குள் தங்கிய ஈரம்: ஐந்து மாதம் ஆறாத ஒரு பூஞ்சைப் புண்

அந்த அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார். முதலில் "உடம்பெல்லாம் வேர்க்குரு" என்றார். பிறகு "கொஞ்சம் அரிப்பு" என்றார். உடன் வந்த மகளை வெளியே காத்திருக்கச் சொன்ன பிறகுதான் உண்மை வந்தது. "மார்புக்குக் கீழே வெந்துபோய்க் கிடக்கிறது, டாக்டர். அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் அப்படித்தான். உட்கார்ந்தால் ஒட்டிக்கொண்டு எரிகிறது. வாடை வருமோ என்று யார் பக்கத்திலும் உட்காருவதே இல்லை."

வயது 57. உயரத்துக்கு மிஞ்சிய எடை. ஐந்து மாதமாகத் தொல்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தோல் மடிப்புகளில் வரும் ஈஸ்ட் பூஞ்சைத் தொற்று அரிய நோய் அல்ல. தோல் மருத்துவர் எவரும் அடிக்கடி பார்ப்பதுதான். அடிக்கடி பார்ப்பதாலேயே ஒரு மருந்துச் சீட்டோடு முடித்துவிடுகிறோம். இந்த அம்மாவுக்கும் முதல் முறை நான் அதைத்தான் செய்தேன். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தேன், சரியான மருந்தைக் கொடுத்தேன், ஆனாலும் தோற்றேன். ஏன் தோற்றேன் என்பதற்காகவே இதை முழுமையாக எழுதுகிறேன்.

ஐந்து மாத வரலாறு

மார்புச் சளிக்காக ஒரு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்ட பிறகு இடது மார்பகத்தின் அடியில் சிவப்பு தோன்றியது. வியர்வைதான் காரணம் என்று நினைத்துப் பவுடர் போட்டார். பவுடர் வியர்வையோடு கலந்து சிறு உருண்டைகளாகத் திரண்டு, மடிப்புக்குள் மணல்போல் உராய்ந்தது. சிவப்பு வலது பக்கத்துக்கும் வந்தது.

அடுத்து, மருந்துக் கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கினார். ஒரே குழாயில் மூன்று மருந்துகள்: வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை எதிர்ப்பு மருந்து, பாக்டீரியா எதிர்ப்பு மருந்து. இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கின. ஐந்தாம் நாள் நிறுத்தினார். அடுத்த வாரம் திரும்ப வந்தது, முன்பைவிடப் பெரிதாக. மறுபடி அதே க்ரீம், மறுபடி நிம்மதி, மறுபடி சிவப்பு. இப்படியே நான்கு குழாய்கள் தீர்ந்தன. இடையில், கிருமி செத்துப்போகட்டும் என்று குளிக்கும் நீரில் கிருமிநாசினி திரவத்தைக் கலந்து, சொரசொரப்பான நாரால் தேய்த்தும் குளித்திருக்கிறார்.

இந்தக் கலவைக் க்ரீம்களைப் பற்றி நான் ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்வதை இங்கும் சொல்ல வேண்டும். சிவப்பும் அரிப்பும் பூஞ்சை அல்ல. பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு எழுப்பும் கூச்சல். ஸ்டீராய்டு அந்தக் கூச்சலை அடக்குகிறது. நோயாளிக்கு ஆறிவிட்டதுபோல் தோன்றும். காவல் தளர்ந்த தோலில் பூஞ்சை தன் வேலையைத் தொடரும். அதிலும் மடிப்பு என்பது இயற்கையாகவே கட்டுப்போட்டு மூடிய இடம். வெளிக்கையில் தடவும் அதே ஸ்டீராய்டு இங்கே பல மடங்கு உள்ளே இறங்கும். தோல் மெலிந்து, வரிவரியாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பு பிறகு மங்குமே தவிர, முழுதாக மறையாது.

பார்த்தது

இரண்டு மார்பகங்களின் அடி மடிப்பிலும், ஒன்றுக்கு மற்றொன்று கண்ணாடிப் பிம்பம்போல, பளபளப்பான அடர் சிவப்பு. மடிப்பின் ஆழத்தில் ஊறி வெளுத்த தோல். அதன் நடுவே நூல் கனத்தில் ஒரு வெடிப்பு. சிவப்பின் எல்லையைத் தாண்டி, நல்ல தோலின் மேல், குண்டூசித் தலை அளவில் சிதறிய சின்னஞ்சிறு சீழ்ப்பருக்கள். உடைந்த பருக்களைச் சுற்றி மெல்லிய தோல் வளையமாக உரிந்திருந்தது. தாய்ப்படையைச் சுற்றித் தெறித்தாற்போல் கிடக்கும் இந்தக் குட்டிப் பருக்கள்தான் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சையின் கையெழுத்து. அடிவயிற்று மடிப்பிலும் அதே காட்சி. தொடையிடுக்கில் சற்றுக் குறைவு. மார்பகத்தின் கீழ் விளிம்பில் ஊதா நிற வரிகள் தொடங்கியிருந்தன. நான்கு குழாய் ஸ்டீராய்டின் கணக்கு அது.

கையையும் காட்டச் சொன்னேன். வலது கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே தோல் வெளுத்து ஊறி, நடுவில் செந்நிறப் புண்ணாக இருந்தது. பாத்திரம் கழுவும்போதும் மோதிரத்தைக் கழற்றுவதில்லை என்றார். மழைக்காலத்தில் கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணைப் பலருக்கும் தெரியும்; ஈரம் நின்றால் கைவிரலிடுக்கும் அப்படியே வெளுத்துப் புண்ணாகும் என்பது அவ்வளவாகத் தெரியாது. மடிப்பில் பூஞ்சை என்று வருகிறவர்களிடம் கைவிரல், கால்விரல் இடுக்குகள், நகக்கண், வாயோரம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. பல இடங்களில் ஒருங்கே இருந்தால் உடம்புக்குள் ஏதோ இடம் கொடுக்கிறது என்று பொருள்.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்

மடிப்பில் சிவந்திருப்பதெல்லாம் கேண்டிடா அல்ல. வேறு வகைப் பூஞ்சையால் வரும் படர்தாமரை தொடையிடுக்கில் வரும்போது வளைந்த, உயர்ந்த, செதில் உள்ள ஓரத்தோடு வெளிநோக்கிப் பரவும். நடுப்பகுதி தெளிந்துகொண்டே போகும். ஆண்களுக்கு வந்தால் பெரும்பாலும் விதைப்பையைத் தொடாது, கேண்டிடா தொடும். சோரியாசிஸ் மடிப்பில் வந்தால், முழங்கையில் காணும் வெள்ளிச் செதில் இங்கே இருக்காது. கத்தியால் வெட்டியதுபோல் எல்லை தெளிவாக இருக்கும், சுற்றிலும் பருக்கள் இருக்காது. அதனால் அவருடைய தலை, நகம், முழங்கை, பிட்ட இடுக்கு எல்லாம் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எரித்ராஸ்மா என்னும் பாக்டீரியாத் தொற்று பழுப்புச் சிவப்பாக இருக்கும். இருட்டறையில் உட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியில் பவளச் சிவப்பாக மின்னும். இவருக்கு மின்னவில்லை. ஆனால் அன்று காலை குளித்திருந்தால் அந்த நிறமியே கழுவிப்போயிருக்கலாம் என்பதால், மின்னாததை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

பருவின் ஓரத்தைச் சுரண்டி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். மொட்டு விடும் ஈஸ்ட் செல்களும், சங்கிலித் தொடராக நீண்ட போலி இழைகளும் தெரிந்தன. இது சில நிமிடங்களில் முடியும் எளிய சோதனை. இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் க்ரீம் மாற்றிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பவில்லை. ஈரமான மடிப்பில் நோய் செய்யாமலும் ஈஸ்ட் இருக்கக்கூடும்; தட்டில் வளர்ந்தது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது. தோலைத் துளைத்துச் செல்லும் இழைகளைக் கண்ணால் பார்ப்பதே எனக்குப் பெரிய சான்று.

இரத்தத்தில், சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4 சதவீதம். 6.5 சதவீதத்தை எட்டினாலே நீரிழிவு. நான்கு ஆண்டுகளுக்கு முன் "எல்லையில் இருக்கிறது" என்று சொன்னார்களாம். அதன் பிறகு பார்த்ததே இல்லை. நீரிழிவு முதலில் கண்ணிலோ காலிலோதான் தெரியும் என்றில்லை. இப்படி மடிப்பில் வந்து நிற்கும் பூஞ்சை அதன் முதல் அறிவிப்பாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஏன் மடிப்பில்

கேண்டிடா அல்பிகன்ஸ் வெளியிலிருந்து வந்து தொற்றியது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். யாரிடமிருந்து ஒட்டியதோ என்ற அருவருப்பும், சுத்தமில்லாதவள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. உண்மையில், நலமாக இருக்கும் பலருடைய வாயிலும் குடலிலும் அது அமைதியாக வாழ்கிறது. காய்ந்த, லேசான அமிலத்தன்மை உள்ள தோலில் அதனால் வேரூன்ற முடியாது.

மடிப்பில் நிலைமை வேறு. தோலோடு தோல் ஒட்டிக் கிடப்பதால் வியர்வை ஆவியாக வழியில்லை. நெடுநேரம் நீரில் நனைந்த விரல்நுனிபோல மேல்தோல் ஊறி உப்புகிறது. ஊறிய தோல் நடக்கும்போதெல்லாம் உராய்ந்து கிழிகிறது. அமிலத்தன்மை குறைகிறது. சூடும் இருக்கிறது. அதுவரை உருண்டையாகக் கிடந்த ஈஸ்ட் இந்தச் சூழலில் இழையாக நீண்டு தோலுக்குள் இறங்குகிறது. ஆன்டிபயாடிக் அதனோடு போட்டியிடும் பாக்டீரியாக்களைக் குறைத்துவிட்டது. உயர்ந்த சர்க்கரை உடம்பின் எதிர்ப்பைத் தளர்த்திவிட்டது. ஸ்டீராய்டு மிச்சமிருந்த காவலையும் விலக்கிவிட்டது. காரமான சோப்பும் கிருமிநாசினியும் நாரும் தோலின் கடைசி அரணை உரித்தன. அந்த அம்மா சுத்தமாக இல்லாததால் அல்ல, சுத்தத்துக்காக அளவுக்கு மிஞ்சிப் பாடுபட்டதாலும் புண் பெரிதாயிற்று. இதை அவரிடம் சொன்னபோது முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் சிகிச்சையும் அதன் தோல்வியும்

கலவைக் க்ரீமை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியதும் சில நாள் சிவப்பு கூடும், பயந்து மறுபடி அதைத் தொடாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தேன். கசிவு இருந்ததால் முதல் மூன்று நாள் சலைன் நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, உலர்த்திய பிறகு 1 சதவீதக் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை எதிர்ப்புக் க்ரீம், நாளுக்கு இரண்டு முறை, மூன்று வாரம். மைக்கோனசோல் 2 சதவீதமோ கீட்டோகோனசோல் 2 சதவீதமோ கொடுத்திருந்தாலும் பலன் ஏறத்தாழ இதேதான். சர்க்கரைக்குப் பொது மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் மெட்ஃபார்மின் தொடங்கினார்.

நிஸ்டாட்டினும் கொடுத்திருக்கலாம். 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்த மருந்து அது. ஒருவர் நியூயார்க் நகரிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்துகொண்டு, மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிர்களைத் தபாலில் அனுப்பி ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரே மருந்துக்கும் பெயராயிற்று. எத்தனையோ பேரின் எரிச்சலை ஆற்றிய அந்த இருவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சி வரும். ஆனால் நிஸ்டாட்டின் ஈஸ்ட்டுக்கு மட்டுமே கேட்கும், படர்தாமரைக்குக் கேட்காது. நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு எழுத வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் வாரம் வந்தபோது சிவப்பு முக்கால் பங்கு மறைந்திருந்தது. "மடிப்பை உலர்வாக வைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். "வைத்துக்கொள்கிறேன், டாக்டர்" என்றார். இன்னும் ஒரு வாரம் தடவிவிட்டு நிறுத்தச் சொல்லி அனுப்பினேன்.

எட்டாம் வாரம் திரும்பி வந்தார். மார்பகத்தின் அடியில் அதே அடர் சிவப்பு, அதே குட்டிப் பருக்கள். மடிப்பின் ஆழத்தில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. மருந்தா, ஊறிய தோலா என்று பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். க்ரீம்தான். புண் திரும்பியதைக் கண்டு மறுபடி வாங்கிய 15 கிராம் குழாயை மூன்று நாளில் தீர்த்திருந்தார். நிறையத் தடவினால் சீக்கிரம் ஆறும் என்பது அவர் கணக்கு. எவ்வளவு தடவ வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. மடிப்புக்குள் குழைந்து கிடக்கும் க்ரீமும் ஈரம்தான்.

மாத்திரைக்குப் போகலாமா என்று யோசித்தேன். பரவலான தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் கொடுப்பது வழக்கம். ஆனால் இதற்குள் பொது மருத்துவர் மெட்ஃபார்மினோடு க்ளிமிபிரைடும் சேர்த்திருந்தார். க்ளிமிபிரைடு உடம்பில் சிதைவதை ஃப்ளூகோனசோல் தடுக்கும். சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்து. கவனமாகக் கண்காணித்துக் கொடுக்க முடியும் என்றாலும், மருந்து கேட்காமல் இவருக்குத் திரும்பவில்லை. கேட்டது, நிறுத்தியதும் திரும்பியது. அப்படியானால் கோளாறு மருந்தில் இல்லை.

தோள்பட்டை

அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "குளித்த பிறகு எப்படித் துடைப்பீர்கள், செய்து காட்டுங்கள்."

ஒரு துண்டைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கினார். ஆடையின் மேலாகவே மார்புக்குக் கீழே ஒற்றி எடுத்தார். மடிப்பைத் தூக்கவில்லை. "ஒரு கையால் தூக்கி மறு கையால் துடையுங்கள்" என்றேன். வலது கை சற்றே உயர்ந்து, பாதி வழியில் நின்றது. முகம் சுளித்தார். எட்டு மாதமாக வலது தோள் இறுகிக் கிடக்கிறது. பக்கவாட்டில் தூக்க முடியவில்லை. முதுகுப் பக்கம் கொண்டுபோக முடியவே இல்லை. "அது எலும்பு டாக்டரிடம் சொல்ல வேண்டியது என்று இங்கே சொல்லவில்லை" என்றார்.

மடிப்பைத் துடைப்பது இரண்டு கை வேலை. அவருக்கு இருந்தது ஒரு கை. இன்னொன்றும் வெளிவந்தது. கை முதுகுக்குப் போகாததால் பிராவின் பின்கொக்கியைப் போடவும் கழற்றவும் முடியவில்லை. மகளிடம் கேட்கக் கூச்சம். அதனால் கொக்கியைப் போட்டபடியே தலைவழியாக மாட்டி, வியர்வையில் நனைந்த அதையே இரவிலும் கழற்றாமல் படுத்திருக்கிறார். அடுத்த நாள் குளிக்கும்வரை அதே ஈரம். நான் "உலர்வாக வைத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்டதற்கு அவர் பொய் சொல்லவில்லை. தன்னால் எட்டிய அளவுக்கு உலர்த்திக்கொண்டுதான் இருந்தார்.

தோள்மூட்டு இப்படி இறுகிப்போவது நீரிழிவு உள்ளவர்களுக்குப் பிறரைவிட அதிகமாக வரும். ஒரே சர்க்கரை ஒரு பக்கம் பூஞ்சைக்கு இடம் கொடுத்து, மறுபக்கம் அதைத் துடைக்க வேண்டிய கையையும் கட்டிப்போட்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு எட்டு வாரம் ஆகியிருக்கிறது. அன்று முதல், மடிப்புப் புண்ணோடு வரும் எவரிடமும் உலர்வாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஒரு துண்டைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்கிறேன்.

இரண்டாம் முறை

மருந்து அதேதான்: க்ளோட்ரிமசோல். முறை மட்டும் மாறியது.

உலர்த்துவதை நின்றபடி செய்ய வேண்டாம் என்றேன். வெதுவெதுப்பான நீரில், வாசனை சேர்க்காத மென்மையான கழுவும் திரவத்தால் தேய்க்காமல் கழுவிவிட்டு, மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்து, மல்லாந்து படுத்துவிட வேண்டும். படுத்தால் மார்பகம் தானாகப் பக்கவாட்டில் சாயும், மடிப்பு விரியும், கையைத் தூக்கவே வேண்டாம். அடிவயிற்று மடிப்பை இடது கையாலேயே மேலே இழுத்துப் பிடிக்கலாம். மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம், காலையும் இரவும். தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்திருப்பவர்கள் குளிர்ந்த காற்றில் மட்டும் வைத்துப் பயன்படுத்தலாம். சூடான காற்று வேண்டவே வேண்டாம். நீரிழிவால் உணர்வு மங்கியவர்களுக்குத் தோல் சுடுவது தெரியாது.

நன்றாகக் காய்ந்த பிறகே க்ரீம். சுட்டுவிரலின் கடைசிக் கணு நீளத்துக்குக் குழாயிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்கு அது போதும். தேய்த்து மறைந்துவிட வேண்டும். வெள்ளை தெரிந்தால் அதிகம். சிவப்பு முழுக்க மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருக்கும் இழைகளுக்காக அந்த ஒரு வாரம். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான்.

பகலில் மடிப்புக்குள் ஒற்றை மடிப்பாக மெல்லிய பருத்தித் துணி வைக்கச் சொன்னேன். இதில் ஒரு நுட்பம் உண்டு. துணியின் விளிம்பு மடிப்புக்கு வெளியே மூன்று விரல் அகலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே உறிஞ்சிய ஈரம் அந்த விளிம்பு வழியாகத்தான் ஆவியாகும். முழுத் துணியையும் உள்ளே திணித்தால் ஈரத் துணியை அடைத்து வைத்ததாகிவிடும். நனைந்ததும் மாற்ற வேண்டும். பவுடரை அறவே நிறுத்தினோம். கிருமிநாசினியையும் நாரையும் நிறுத்தினோம். வெடிப்பு ஆறிய பிறகு, உராய்வு அதிகமான இடத்தில் மட்டும் துத்தநாக ஆக்சைடு களிம்பு, மிக மெல்லியதாக. க்ரீம் இருக்கும் இடத்தில் அதன்மேல் உடனே களிம்பைக் குழைக்கக் கூடாது.

முன்பக்கம் கொக்கி உள்ள, மார்பகத்தை நன்றாகத் தாங்கி உயர்த்தும் பருத்திப் பிராவுக்கு மாறினார். தோலோடு தோல் படாமல் தாங்குவதே பாதி வைத்தியம். இரவில் கழற்றிவிடுவார். பாத்திரம் கழுவும்போது மோதிரத்தைக் கழற்றி வைத்தார். மகளை உள்ளே அழைக்கலாமா என்று அனுமதி கேட்டேன். சற்று யோசித்துத் தலையசைத்தார். விவரம் கேட்ட மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாளாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, அம்மா?" என்று மட்டும் கேட்டார். தோளுக்கு இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினேன்.

பொது மருத்துவரோடும் பேசினேன். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் வகை மாத்திரையைச் சேர்க்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் மருந்துதான். ஆனால் சிறுநீரில் சர்க்கரை வந்தால் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று வரும் வாய்ப்பு கூடும். தொடையிடுக்கில் புண் இருக்கும் இவருக்கு அது முழுதாக ஆறும்வரை தள்ளிப்போடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டியதில்லை. அரிப்போ சிவப்போ வந்தால் எழுதித் தந்தவரிடம் சொன்னால் போதும்.

எடை குறைந்தால் மடிப்பின் ஆழமும் குறையும், உண்மைதான். ஆனால் வலியோடு வந்து நிற்பவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்வது எனக்கு ஒப்பாது. எரிச்சல் அடங்கி, நடக்க முடிந்த பிறகு பேசினோம்.

இதே வழி, வேறு உடல்கள்

குழந்தைகளுக்குக் கழுத்து மடிப்பிலும், டயாப்பர் மூடிய இடத்திலும் இதே பூஞ்சை வரும். டயாப்பரின் ஈரம் நேரடியாகத் தொடும் மேடான இடங்கள் மட்டும் சிவந்து மடிப்பு தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் ஈர எரிச்சல். மடிப்புக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் பருக்கள் இருந்தால் பூஞ்சையை நினைக்க வேண்டும். கழுத்து மடிப்பு பச்சைப் புண்ணாகச் சிவந்து, கெட்ட வாடையோடு இருந்து, சுற்றிலும் பருக்கள் இல்லையென்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சை மருந்து உதவாது.

படுக்கையில் இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், உடம்பு துடைக்கும்போது அக்குள், மார்பகத்தின் அடி, அடிவயிறு, தொடையிடுக்கு, பிட்ட இடுக்கு என எல்லா மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள். அவர்களால் சொல்ல முடியாமல் இருக்கலாம்.

காய்ச்சல், சிவப்பு மடிப்பைத் தாண்டி வேகமாகப் பரவுவது, தொட்டால் சூடு, கடும் வலி ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது தோலுக்கு அடியில் இறங்கிய பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். சரியான மருந்தை முறையாகத் தடவி ஒரு மாதத்துக்கு மேலாகியும் அசையாத சிவப்பு, அதிலும் ஒரே பக்கத்தில் மட்டும் இருந்தால், ஒரு துளி தோலை எடுத்துத் திசுச் சோதனை செய்யாமல் விடக் கூடாது. பேஜெட் நோய் என்ற அரிய புற்றுநோய் எக்ஸிமாவையும் பூஞ்சையையும்போல் வேடமிட்டு ஆண்டுக்கணக்கில் ஏமாற்றும்.

தொடர்ந்து பார்த்ததில்

இரண்டாம் முறை தொடங்கிய பத்தாம் நாள் வெடிப்பு மூடியது. நான்காம் வாரம் சிவப்பு போய், பழுப்பு நிறக் கறை மட்டும் மிஞ்சியது. அது தொற்று அல்ல, அழற்சி விட்டுச் சென்ற நிறம். மங்க மாதங்கள் ஆகும், அதற்காக எதையும் தேய்க்க வேண்டாம் என்றேன். அடுத்த மூன்று மாதத்துக்கு வாரம் இரண்டு நாள் மட்டும் க்ரீம் தடவச் சொன்னேன். அடிக்கடி திரும்பும் நோயாளிகளுக்கு இது என் வழக்கம். பத்து நிமிடக் காற்று மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஆறாம் மாதம் ஹெச்பிஏ1சி 7.3 சதவீதம். இடையில் ஒரு காய்ச்சலின்போது இரண்டு நாள் படுக்கையிலேயே வியர்த்துக் கிடந்ததில் இடப்பக்கம் மறுபடி சிவந்திருக்கிறது. இந்த முறை ஐந்து மாதம் காத்திருக்கவில்லை. மூன்றாம் பருவைப் பார்த்த அன்றே மகளிடம் காட்டி, மிச்சம் வைத்திருந்த க்ளோட்ரிமசோலை அளவாகத் தடவத் தொடங்கி, துணியை அடிக்கடி மாற்றியிருக்கிறார். இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டது. என்னிடம் வந்தது ஏற்கெனவே குறித்த நாளில்தான்.

ஊதா வரிகள் வெளிறியிருக்கின்றன, மறையவில்லை. வலது கை இப்போது தோள் உயரம் வரை வருகிறது. முதுகுக்கு இன்னும் எட்டவில்லை. முன்கொக்கிப் பிராவையே தொடரட்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு, உட்கார்ந்தபடியே, அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று கேட்டார்.